மால்குடி மெட்டுக்குச் சொந்தக்காரர்

நீலசந்திராவில் நான் குடியிருக்கும் பகுதியில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு நான்கும் ஒரே தெருவில் காதில் விழும். இங்கே எந்த வீட்டில் போய் 'மால்குடி டேஸ்' தொடரின் ஆரம்ப இசையை முணுமுணுத்தாலும், வயதில் பெரியவர்கள் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்து விடுவார்கள். மெட்டு போட்டவர் யார் என்று கேட்டால்தான் மௌனம். சிலர் சங்கர் நாக் என்பார்கள். அவர் இயக்குநர்.

இசை, எல். வைத்தியநாதன். பெயரைச் சொன்னதும் நம்மவர்களில் பலர், "வயலின் எல். சுப்பிரமணியத்தின் அண்ணாவா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆம், அவரேதான். ஆனால் அந்த அடையாளத்தோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை.

தகப்பனார் வி. லட்சுமிநாராயண ஐயர் பெரிய வயலின் வித்வான். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தவர். 1958 இனக்கலவரத்தால் குடும்பம் அங்கிருந்து கிளம்பிச் சென்னை வந்தது. 1942-ல் பிறந்த வைத்தியநாதனுக்கு அப்போது வயது பதினாறு. பிள்ளைகளுக்கு அப்பாவே குரு. வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் மூவரும் ஒரே மேடையில் வயலின் வாசித்த காலமும் உண்டு. பிறகு தம்பிகள் இருவரும் கடல் கடந்து உலகப் புகழ் பெற்றார்கள். சங்கர், ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவில் வாசித்தார். அண்ணா சினிமா ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்.

அங்கே கன்னடத் திரையுலகின் ஜாம்பவான் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளரானார். இளையராஜாவும் அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான். இந்த உதவியாளர் வேலை லேசானதல்ல. இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். எந்த இடத்தில் வயலின்கள் சேர வேண்டும், எங்கே புல்லாங்குழல், எங்கே எல்லாம் ஓய வேண்டும் என்பதை ஸ்வரப்படுத்தி, வாத்தியக்காரர்கள் கையில் தாளாகக் கொடுக்க வேண்டும். பாட்டு வெற்றி பெற்றால் இந்தப் பெயர் வெளியே வராது.

தனியாக இசையமைக்கத் தொடங்கியபின் அவருக்கு அதிக இடம் தந்தது கன்னடம் என்பது என் அபிப்பிராயம். காசிநாத்தின் 'அபரிசித' (1978), கிரீஷ் காசரவள்ளியின் 'தபரன கதெ' எல்லாம் அவர் இசை. பின்னது, ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் கடைநிலை ஊழியரின் கதை. நம் சாருஹாசனுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அழ வைக்கும் வயலினை அள்ளிக் கொட்ட எத்தனை சந்தர்ப்பம்! கையில் அத்தனை வித்தை இருந்தும் அடக்கி வாசித்திருக்கிறார்.

தமிழில் 'ஏழாவது மனிதன்' (1982) ஒன்று போதும். கே. ஹரிஹரன் இயக்கம், பாட்டெல்லாம் பாரதியார். கவியின் கொள்ளுப்பேரன் ராஜ்குமார் பாரதியும் அதில் பாடினார். ஜேசுதாஸ் பாடிய 'காக்கைச் சிறகினிலே' இன்றும் கச்சேரித் துக்கடாக்களுக்கு நடுவே கேட்டால் சினிமாப் பாட்டு என்று தோன்றாது.

1987-ல் வந்தது 'புஷ்பக விமானா', தமிழில் 'பேசும் படம்'. நம் பெங்களூரில், விண்ட்ஸர் மேனர் ஹோட்டலில் எடுத்தது. சிங்கீதம் சீனிவாச ராவ் படம் முழுக்க ஒரு வசனம் வைக்கவில்லை. வேலையில்லாத கமல் சொகுசு ஹோட்டலில் தூக்கம் வராமல் புரள்வார். பழைய அறைக்குப் பக்கத்துத் தியேட்டர் சத்தத்தை டேப்பில் பதிந்து வந்து போட்டபின்தான் கண் அயருவார். இப்படி ஓசையையே கதையாக்கிய படத்தில் இசையமைப்பாளர் எங்கே வாசிக்கலாம் என்பதை விட எங்கே வாசிக்கக் கூடாது என்பதுதான் கடினமான கேள்வி. அடுத்த முறை பார்க்கும்போது வாத்தியம் ஓய்கிற இடங்களைக் கவனியுங்கள்.

2007 மே 19 அன்று வைத்தியநாதன் காலமானார். வயது 65. தம்பி சுப்பிரமணியத்துக்கு 2025-ல் பத்ம விபூஷண் அறிவித்தபோது நண்பர்கள் கூடி மகிழ்ந்தோம். அன்றும் அண்ணாவின் மெட்டைத்தான் ஒருவர் முணுமுணுத்தார், யாருடையது என்று தெரியாமலே.