திரிதெந்தீன் திருப்பலி

திரிதெந்தீன் திருப்பலி என்பது திரெந்துப் பொதுச்சங்கத்தை (1545–1563) அடுத்து, 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட உரோமைத் திருப்பலி நூலின்படி நிகழும் இலத்தீன் வழிபாட்டு முறை. குரு மக்களோடு ஒரே திசையில் பீடத்தை நோக்கி நிற்பது, நற்கருணை மன்றாட்டைத் தாழ்குரலில் சொல்வது, ஓராண்டு வாசகச் சுற்று ஆகியவை இதன் இயல்புகள். இன்று பயன்படுவது 1962ஆம் ஆண்டுப் பதிப்பு.

இம்முறை ஒருபோதும் மாறாதது என்ற வாதத்தை வரலாறு ஏற்கவில்லை. இருநூறு ஆண்டுக்கு மேல் வழங்கிய பிற முறைகள் தொடர ஐந்தாம் பயஸே இடமளித்தார். அவற்றுள் மிலான் நகரின் அம்புரோசிய முறை இன்றும் உள்ளது. 1955இல் புனித வாரச் சடங்குகள் திருத்தப்பட்டன. 1962இல் நற்கருணை மன்றாட்டில் புனித யோசேப்பின் பெயர் சேர்ந்தது. இவை சிறு திருத்தங்களே என்பது பழைய முறையை விரும்பும் மரபாளரின் மறுப்பு; அதில் வலு உண்டு. ஆனால் திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் ஏற்பளித்த திருப்பலி நூல் புதிய நற்கருணை மன்றாட்டுகளையும், அதனுடன் வந்த வாசக நூல் மூவாண்டு ஞாயிறு வாசகச் சுற்றையும் கொண்டுவந்தன. அளவில் இது வேறு வகை மாற்றம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஆவணமோ (1963) தாய்மொழிக்கு வழிவிட்டபோதும் இலத்தீனைக் கைவிடச் சொல்லவில்லை. ஆகவே இம்முறை குறித்த பூசல், மாற்றம் கூடுமா என்பதைவிட, அதன் அளவையும் அதிகாரத்தையும் பற்றியது. 2007இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் பழைய முறைக்குப் பரந்த இசைவு தந்தார். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபை ஒற்றுமையைக் காரணம் காட்டி, அதைக் குறுக்கினார்.