வன்மையும் விரைவும்: ஒரு சொற்பொருள் வரலாறு

1. தோற்றுவாய்

சொற்கள் பொருளுணர்த்துதற்குரிய காரணம் நோக்கிய அளவில் புலனாவதில்லை என்பர் தொல்காப்பியர். காரணமே இல்லை என அவர் கூறினாரல்லர். எளிதில் தோன்றாது என்றே உரியியலில் உரைத்தார். ஆகவே தேடுவார்க்கு அது கிட்டும் எனக் கொள்ளுதல் தகும். விரைவுப் பொருள் தரும் சொற்கள் சிலவற்றை அந்நெறியில் நின்று ஈண்டு ஆராய்வோம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்தொடர் வழியில் உள்ள ஊர்களுள் ஊரப்பாக்கம் ஒன்று. இப்பகுதி மக்கள் பேச்சில் விரைவு குறித்த சொற்கள் பல அடுக்காகப் படிந்து கிடக்கின்றன. ‘வெரசா வா’ என்பதில் விரை என்னும் தமிழ் அடி உள்ளது. ‘சீக்கிரம்’ வடமொழி வழியது. சென்னையை ஒட்டிய பேச்சில் வழங்கும் ‘ஜல்தி’ உருது வழியாக வந்தது. இடையே சில நிலையங்களில் நில்லாது செல்லும் மின்தொடரைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’ ஆங்கிலம். இந்நான்கனுள் இறுதியில் வந்த சொல்லின் வரலாறு, நம் மொழியின் மிகப் பழைய சொற்கள் சிலவற்றை விளக்கத் துணைசெய்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. ஆங்கிலச் சொல்லின் வரலாறு

‘ஃபாஸ்ட்’ என்பதன் தொல்பொருள் விரைவன்று. உறுதி, அசைவின்மை என்பனவே. இறுகக் கட்டிய கட்டும், சாயம் போகாத துணியும், கலையாத உறக்கமும் இன்றும் அச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. உண்ணாநோன்பைக் குறிக்கும் சொல்லும் இவ்வடியினதே. விரதத்தை உறுதியாகப் பற்றி நிற்றல் என்பது அதன் கருத்து. இனமொழியாகிய செருமானியத்தில் ‘ஃபெஸ்ட்’ என்பது உறுதி என்னும் பழம்பொருளிலேயே நிற்கின்றது.

அசையாமையைக் குறித்த சொல் விரைவைக் குறித்தது எங்ஙனம்? இம்மாற்றம் பெயரடையில் தொடங்கவில்லை, வினையடையில் தொடங்கியது. உறுதியாகப் பற்றினான் என்னுமிடத்து நின்ற வினையடை, வலிமையாக அடித்தான், வலிமையாக ஓடினான் எனப் பிற வினைகளையும் தழுவியது. வலிமையெல்லாம் கூட்டி ஓடுவோன் விரைந்து ஓடுவான். எனவே ஓட்ட வினையோடு சேர்ந்தவழி, வலிமை என்னும் பொருள் பின்னிற்க, விரைவு முன்வந்தது. பின்னரே அது பெயரடைக்கும் ஏறியது. ஆகவே உறுதிக்கும் விரைவுக்கும் இடையே வலிமை என்னும் பாலம் உண்டு.

ஆங்கிலத்தின் ஏனை விரைவுச் சொற்களும் வேறு பொருளிலிருந்து வந்தனவே. ‘குயிக்’ என்பது முற்காலத்தில் உயிருள்ளது எனப் பொருள்பட்டது; வடமொழிச் சீவன் என்பதனோடு ஒரே மூலத்தது. ‘ஸ்பீட்’ என்பது ஆக்கம், வெற்றி எனப் பொருள்பட்டது. பயணம் புறப்படுவாரை வாழ்த்தும் பழந்தொடரில் அப்பொருள் எஞ்சியுள்ளது.

3. வல்லும் மெல்லும்

இனித் தமிழுக்கு வருவோம். சங்கச் செய்யுட்களில் ‘வல்லே’, ‘வல்லை’ என்பன விரைவாக என்னும் பொருளில் பயில்கின்றன. இவற்றை வல் என்னும் அடியினின்று பிரித்து, விரைவுக் குறிப்பினவாகிய தனிச்சொற்கள் என மாணவர் மனப்பாடம் செய்வது வழக்கம். ஆயின், வன்மை குறித்த வல் என்பதே இவற்றின் அடி எனக் கொள்ளுதற்குச் சான்றுகள் இரண்டு உள.

முதற்சான்று, ‘வல்விரைந்து’ என்னும் சங்க வழக்கு. வினைமுடித்து மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறும் முல்லைப் பாடல்கள் பல. ஐங்குறுநூற்றில் இதற்கெனத் தேர்வியங்கொண்ட பத்து என ஒரு பகுதியே உண்டு. இச்சூழலில் வழங்கும் ‘வல்விரைந்து’ என்பதில் விரைவுப் பொருளைத் தருவது விரைந்து என்பதே. வல் என்பது அதற்கு மிகுதியும் வலிமையும் சேர்க்கின்றது. ஆங்கிலத்தில் நாம் கண்ட இடைநிலை இதுவே. அடுத்த நிலையில், விரைந்து என்பது இல்லாமலே வல்லே என்பது தனித்து நின்று அப்பொருளைத் தந்தது.

இரண்டாம் சான்று இன்னும் வலியது. வல்லுக்கு மறுதலை மெல். மென்மை குறித்த அவ்வடியிலிருந்து பிறந்த ‘மெல்ல’ என்பதற்கு இன்று பொருள் யாது? மெதுவாக, விரைவின்றி என்பதே. மெத்தென்ற தன்மை குறித்த ‘மெத்தனம்’ என்பதும் இன்று சுணக்கத்தையே உணர்த்துகின்றது. மென்மை விரைவின்மையாயின், வன்மை விரைவாதல் இயல்பேயன்றோ! இவ்விணையுள் வல்லே என்பது வழக்கிறந்தது; மெல்ல என்பது நாள்தோறும் நம் வாயில் வழங்குகின்றது. இணையுள் ஒன்று மறைந்தமையால் மற்றொன்றின் உறவும் நமக்குப் புலப்படாதாயிற்று.

4. கடியும் கடுமையும்

கதழ்வு, துனைவு ஆகிய இரண்டற்கும் விரைவு எனப் பொருள் வகுத்த தொல்காப்பியர், கடி என்னும் உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் கூறி, மேலும் இரண்டனை வேறாகச் சேர்த்தார். அப்பத்தனுள் காவலும் உண்டு, விரைவும் உண்டு. கடிமரம் என்பது பிறர் தீண்டாது காக்கப்படும் மரம். காவலின் கருத்து அசையாது நிலைபெறச் செய்தல். ‘ஃபாஸ்ட்’ என்னும் சொல்லைக் கற்பார்க்கு வியப்பூட்டும் அதே முரண் இங்கும் காணப்படுகின்றது.

கடுமை என்பதனோடு சேர்த்து நோக்கின் இம்முரண் தெளியும். கடுந்தேர், கடும்பரி என்புழி விரைவே பொருள். கடுவளி, கடும்புனல் என்புழியோ கொடுமையும் விரைவும் பிரிக்கவொண்ணாதபடி கலந்து நிற்கின்றன. வளியின் வன்மை அதன் விரைவேயாதலின், பொருள் மாறிய வாயில் இத்தகைய தொடர்களே எனலாம்.

திருக்குறளின் வெருவந்தசெய்யாமை அதிகாரம் (561–570) இதற்கு நல்லதொரு விளக்கம். 562ஆம் குறளில் கடிது என்பது மெல்ல என்பதற்கு எதிராக நிற்கின்றது. அங்கு அதன் பொருள் கடுமையாக என்பது. 564ஆம் குறளில் கொடிய அரசனைக் ‘கடியன்’ என்ற ஆசிரியர், அவன் வாழ்நாள் குறைதலைக் ‘கடுகி’ என்கிறார். ‘ஒல்லை’ என்னும் விரைவுச் சொல்லும் அக்குறளிலேயே உள்ளது. கடுமையும் கடுகுதலும் ஓரடியில் பிறந்தவை என்னும் உணர்வு அக்கால வழக்கில் மங்காதிருந்தமையை இது காட்டுகின்றது.

அற்றேல், கடி என ஒலிக்கும் எல்லாவற்றையும் ஓரடியில் அடக்கலாமோ எனின், அடக்கலாகாது. பல்லால் கடித்தலையும், விலக்குதலாகிய கடிதலையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். ஒலி ஒப்புமை மட்டும் சான்றாகாது. இடைநிலைத் தொடர்கள் கிடைத்தவழியே உறவு நாட்டப்படும்.

5. கலைச்சொல்லாக்கத்தில் இவ்வரலாற்றின் பயன்

இவ்வாராய்ச்சி பழைய நூலளவில் முடிவதன்று. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் திசை கருதாத அளவை வேகம் என்றும், திசையோடு கூடியதைத் திசைவேகம் என்றும் வழங்குகின்றன. இலங்கை நூல்களிலோ முன்னது கதி, பின்னது வேகம். எனவே வேகம் என்னும் ஒரே சொல் இரு நாட்டு மாணவர்க்கும் இருவேறு அளவைகளைக் குறிக்கின்றது. திசைவேகம் மாறும் வீதத்தை நாம் முடுக்கம் என்கிறோம். அவர்கள் ஆர்முடுகல் என்கின்றனர். இவ்விரண்டிலும் உள்ள முடுகு, தொல்காப்பியர் செய்யுளியலில் கூறிய இருபது வண்ணங்களுள் ஒன்றாகிய முடுகு வண்ணத்தில் வரும் சொல்லே. அடி பொதுவாயிருத்தலின், முடுக்கம் என்பார்க்கும் ஆர்முடுகல் என்பார்க்கும் ஒருவர் நூல் மற்றவர்க்கு விளங்கும். வேகத்தில் அவ்வுடன்பாடு இல்லை. வேகம், கதி ஆகிய இரண்டும் வடமொழியினின்று வந்தவை. முன்னது நடுக்கமும் பாய்ச்சலும் குறித்த வினையடியினது, பின்னது செல்லுதல் குறித்தது. நம் மொழியில் அடி புலப்படாத சொற்களை எடுத்து ஆளுங்கால், எல்லை வகுப்பதில் ஊருக்கொரு முறை தோன்றுதல் எளிதாகின்றது.

2023 டிசம்பரில் ஊரப்பாக்கத்தை அடுத்துத் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் நிற்கின்றன. இலங்கையிலோ விரைவுத் தொடர்வண்டிக்குக் கடுகதி என்பது பெயர். முன்னதில் விரை என்னும் அடியும், பின்னதில் கடு என்னும் அடியும் இன்றும் உயிரோடிருக்கின்றன. ‘வெரசா’ என்பாரைத் திருத்த முற்படும் ஆசிரியர், அச்சொல் ‘ஃபாஸ்ட்’ என்பதனினும், வேகம் என்பதனினும் நம் மொழிக்கு அணுக்கமானது என்பதை உணர்தல் வேண்டும்.

6. முடிவுரை

வன்மையும் கடுமையும் விரைவாதலும், மென்மை விரைவின்மையாதலும் தமிழில் ஒழுங்காக நிகழ்ந்த பொருள் மாற்றங்கள். தொடர்பில்லாத ஆங்கிலத்தில் அதே மாற்றம் நிகழ்ந்தமை, இது கடன்பெற்றதன்று, மாந்தர் உடலுழைப்பின் அறிவிலிருந்து எழுந்தது என்பதை வலியுறுத்தும். எனவே அகராதி செய்வோர் வல்லே, கடிது முதலியவற்றைத் தனிச்சொற்களாக நிறுத்தாது, அவற்றின் அடிகளோடும் இடைநிலைத் தொடர்களோடும் சேர்த்துக் காட்டுதல் வேண்டும். உரியியலைப் பயிலும் மாணவர்க்கு அப்பொழுதே அது பட்டியலாகத் தோன்றாது, பொருள் வரலாறாகத் தோன்றும்.