எஞ்சினுக்கு ஓர் ஆள் வேண்டும்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பட்டறைகளில் முதலில் வந்து விழுவது ஒரே புகார்தான். வாசலில் நின்ற காரை நான்கு அடி நகர்த்தி நிறுத்தினார்கள். மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றுகிறது, எஞ்சின் எழவில்லை, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. ‘ஃபிளட் ஆகிவிட்டது’, அதாவது எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிவிட்டது என்று பட்டறை மெக்கானிக் சொல்லிவிடுவார். இந்தக் கார்களில் உள்ள ரோட்டரி எஞ்சின் என்றாலே தொல்லைதான் என்ற தீர்ப்பும் கையோடு வந்துவிடும். இந்தத் தீர்ப்பில் பாதிதான் உண்மை என்பது என் வாதம். மீதிப் பாதியைக் காண வேண்டுமானால் எஞ்சினும் மனிதனும் சேர்ந்து வாழ்ந்த வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள பத்து காஜா நல்ல இடம். ஈயமும் ரப்பரும் தழைத்த காலத்தில் அந்த வட்டாரத்தில் எஞ்சின் என்று ஒன்று இருந்தால், அதைக் கிளப்பவும் அணைக்கவும் பொறுப்பான ஆள் ஒருவர் இருந்தார். அந்த ஆள் இல்லாமல் போனதும், ரோட்டரி எஞ்சினுக்குக் கெட்ட பெயர் வந்ததும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

பேராக்கின் ஈயச் சுரங்கங்களுக்குள் எஞ்சின் நுழைந்ததே தண்ணீரை இறைப்பதற்காகத்தான். ஈய மண் கிடைக்கும் குழிகளில் ஊற்றும் மழையும் நிரம்பிக்கொண்டே இருக்கும். இறைத்தால்தான் வேலை நடக்கும். தொடக்கத்தில் சீனத் தொழிலாளர்கள் பலகைகள் கோத்த சங்கிலி இறைவையை வைத்துச் சமாளித்தார்கள். 1877இல் தைப்பிங்கில் நீராவியால் ஓடும் பம்பு வந்தது. 1880களில் ஈய வேட்டை கிந்தா பள்ளத்தாக்குக்கு நகர்ந்தபோது மாவட்ட நிர்வாகம் பத்து காஜாவில் அமர்ந்தது. 1910களில் மண்ணைத் தோண்டி அலசும் மிதவைக் கப்பல்கள் இப்பகுதிக்கு வந்துவிட்டன. அவற்றின் கடைசிச் சாட்சி, பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் ஐந்தாம் எண் கப்பல். 1938இல் கட்டப்பட்டது; எடை சுமார் 4,500 டன், நீளம் சுமார் 75 மீட்டர்; 1982 வரை உழைத்தது. இன்னொரு பக்கம், வில்லியம் கெல்லி ஸ்மித்தின் கிந்தா கெல்லாஸ் போன்ற ரப்பர் தோட்டங்களில் தமிழர்கள் பால் வெட்டினார்கள். தோட்டத்து ஆலைகளில் பால் ஷீட்டை அழுத்தும் உருளைகளை எஞ்சின் சுழற்றியது.

இந்த எஞ்சின்கள் எதையும் ஒருவர் சும்மா வந்து தட்டிவிட்டுப் போக முடியாது. நீராவி எஞ்சினையே எடுத்துக்கொள்ளலாம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த சிலிண்டருக்குள் நீராவியைத் திறந்துவிட்டால், அது குளிர்ந்த இரும்பில் பட்டுத் தண்ணீராகத் திரண்டுவிடும். தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் சிலிண்டரின் மூடியே பெயர்ந்துபோகும். ஆகவே எஞ்சின் ஓட்டுநர் முதலில் வடிகுழாய்களைத் திறந்து வைப்பார், நீராவியை மெல்ல விட்டு இரும்பைச் சூடாக்குவார், தண்ணீரெல்லாம் சீறி வெளியேறிய பிறகே வேகம் கூட்டுவார். நிறுத்துவதற்கும் இப்படியொரு முறை உண்டு. சிலிண்டருக்குள் திரவம் தங்கக் கூடாது என்பது அந்த வேலையின் அரிச்சுவடி. மலேசியச் சட்டமும் இதை அறிந்திருந்தது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டமும் 1970இல் அதன்கீழ் வந்த விதிகளும், குறிப்பிட்ட இயந்திரங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்றன. பொறியாளர், எஞ்சின் ஓட்டுநர் ஆகியோரோடு ஈயக் கப்பலை நடத்துபவருக்கும் தனியாக ஒரு சான்றிதழ் இருந்தது.

அதே 1967இல்தான் உலகின் வேறு இடங்களில் வேறொன்று நடந்தது. மே மாதம் ஜப்பானில் மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட்டும், அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஜெர்மனியில் என்எஸ்யு ஆர்ஓ 80ம் விற்பனைக்கு வந்தன. இரண்டிலும் பிஸ்டன் இல்லை. ஃபெலிக்ஸ் வான்கல் என்ற ஜெர்மானியரின் சிந்தனையில் பிறந்து, 1957இல் என்எஸ்யு நிறுவனத்தில் முதன்முதலாக ஓடிய சுழல் எஞ்சின்தான் இரண்டுக்கும் அடிப்படை. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று, இடுப்புச் சிறுத்த அறைக்குள் சுழலும். அதன் மூன்று முனைகளிலும் பொருத்திய மெல்லிய பட்டைகள், அதாவது ஏபெக்ஸ் சீல்கள், அறைச் சுவரை உரசியபடியே அழுத்தத்தைக் காக்க வேண்டும். 1961இல் உரிமம் பெற்ற மாஸ்டா, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்களை இதற்கென ஒதுக்கியது. சீல்கள் சுவரில் வரிவரியாகக் கீறிய தழும்புகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பேயின் நகக்கீறல்’. கார்பனையும் அலுமினியத்தையும் கலந்து செய்த சீல்தான் கடைசியில் கைகொடுத்தது. என்எஸ்யு அவ்வளவு பொறுமை காட்டவில்லை. ஆர்ஓ 80 எஞ்சின்களை மாற்றித் தந்தே நொடித்து, 1969இல் வோக்ஸ்வாகன் குடையின்கீழ் போய்ச் சேர்ந்தது. அதே 1969 ஏப்ரலில் நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் கிராண்ட் பிரியில், மாஸ்டாவின் ரோட்டரி கூப்பே சாதாரணக் கார்களுக்கான பந்தயத்தை வென்றது. மாஸ்டா ரோட்டரியின் வெற்றிப் பயணம் இப்பக்கம் தொடங்கி 1991இல் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் 787பி பெற்ற வெற்றியில் உச்சம் தொட்டது.

இந்த எஞ்சின் ஏன் பெட்ரோலில் மூழ்குகிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினுக்கு முதலில் கூடுதல் பெட்ரோல் ஊட்டப்படும். பெட்ரோல் முழுதும் ஆவியாகாது என்பதால் எல்லா எஞ்சினுக்கும் இதுதான் வழி. காரை வாசலில் நகர்த்திவிட்டு அரை நிமிடத்தில் அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தங்கிவிடும். பிஸ்டன் எஞ்சினில் அது மெல்லக் கீழே கசிந்து எண்ணெயோடு கலக்கும். ரோட்டரியில் அதற்குப் போக்கிடம் குறைவு. அறையின் அடியிலேயே தேங்கி, சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ஏபெக்ஸ் சீல் காற்றைப் பிடிப்பதே அந்த எண்ணெயின் துணையால்தான். அதற்கென்றே ஒரு சிறு பம்பு சொட்டுச் சொட்டாக அறைக்குள் எண்ணெய் விடுகிறது. வாஷர் காய்ந்துபோன சைக்கிள் பம்பு எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடிக்காதது போல, எண்ணெய் கழுவப்பட்ட ரோட்டரும் எவ்வளவு சுழற்றினாலும் அழுத்தம் கட்டாது. அழுத்தம் இல்லையென்றால் தீப்பிடிக்காது. தீப்பிடிக்காத ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் பெட்ரோல் உள்ளே வரும். பிளக் நனைகிறது, பேட்டரி இறங்குகிறது, ஸ்டார்ட்டரின் வேகம் குறைகிறது. பதறிப்போய்ச் சாவியைத் திருப்பத் திருப்ப நிலைமை மோசமாகும்.

மீட்கும் முறையோ எளிது, ஆனால் வரிசை பிசகக் கூடாது. முதலில் பெட்ரோல் வரத்தை நிறுத்த வேண்டும். ஆர்எக்ஸ்-8இல் ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் கணினியே பெட்ரோலை நிறுத்திவிடும், பழைய ஆர்எக்ஸ்-7இல் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்ற வேண்டும். அதற்கும் மசியவில்லையென்றால், தீப்பொறி வராதபடி காயில் இணைப்புகளை எடுத்துவிட்டு, ரோட்டருக்கு இரண்டு வீதம் இருக்கும் நான்கு பிளக்குகளையும் கழற்றி, விட்டுவிட்டுச் சில விநாடிகள் சுழற்ற வேண்டும். துளைகளின் வழியே பெட்ரோல் புகைபோலச் சீறி வரும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. பிறகு துளை வழியே ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டுச் சுழற்றினால் சீல்கள் மறுபடி பிடிக்கும். காய்ந்த பிளக்கும் முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியும் இருந்தால், வெள்ளைப் புகை கக்கியபடி எஞ்சின் எழும். பெட்ரோல் கலந்த பழைய எண்ணெயை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. நீராவி எஞ்சின் ஓட்டுநர் காலையில் வடிகுழாயைத் திறந்து செய்ததும் அடிப்படையில் இதுதான்: உள்ளே தங்கிய திரவத்தை வெளியேற்று, பரப்பைத் தயார்செய், பிறகு ஓட்டு.

இடைப்பட்ட காலத்துக் கார் ஓட்டிகளும் ஓரளவு எஞ்சின் ஓட்டுநர்களாகவே இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மோரிஸ் மைனர், ஆஸ்டின் காலத்தில் சோக் பொத்தானை எவ்வளவு இழுப்பது, எப்போது தள்ளுவது என்பது ஓட்டுவதைக் கற்பதன் ஒரு பகுதி. சோக் மிஞ்சினால் பெட்ரோல் நிரம்பிவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்து, மிதியை முழுதாக அழுத்திக் கிளப்ப வேண்டும் என்பதும் பரவலாகத் தெரிந்த சங்கதி. 1985 ஜூலையில் வந்த முதல் புரோட்டான் சாகாகூட கார்புரேட்டர் வண்டிதான். 1990களில் மின்னணு முறையில் பெட்ரோல் செலுத்தும் எஞ்சின்கள் பரவியதும் இந்த அறிவுக்கு வேலை இல்லாமல் போனது. சாவியைத் திருப்பினால் ஓடும், எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம் என்ற நம்பிக்கை ஊன்றிய பிறகுதான், 2003இல், ஆர்எக்ஸ்-8 வந்தது. எஞ்சினுக்குத் தேவை மாறவில்லை. அதைக் கையாண்டவர்களின் பழக்கம் மாறிவிட்டது. ரோட்டரியைப் பற்றிய புகார் பெருகியதற்கு இந்தக் கால முரண்தான் பெரிய காரணம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழக்கத்தைக் குறை சொல்வது உற்பத்தியாளரைக் காப்பாற்றும் சாக்கு. வடிவமைப்பிலேயே கோளாறு இருந்ததால்தானே மாஸ்டா ஆர்எக்ஸ்-8க்குப் பின்னாளில் வலுவான ஸ்டார்ட்டர் தந்தது, அமெரிக்காவில் எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல்கள் என நீட்டியது, 2009 மாடலில் எண்ணெய் செலுத்தும் முறையை மாற்றியது? இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். நான் முதலில் உண்மை என்று ஒப்புக்கொண்ட பாதி இதுவே. ஆனால் அந்தத் திருத்தங்களின் தன்மையைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டரின் வேகத்தைக் கூட்டினால், அழுத்தம் குறைந்த எஞ்சினும் எழும். கூடுதல் எண்ணெய் விட்டால், சீல்கள் தாக்குப்பிடிக்கும். பொறுப்பாளர் கையால் செய்ததில் ஒரு பகுதியை இயந்திரத்துக்குள் திணித்த முயற்சிகள் இவை. முழுதும் திணிக்க முடியவில்லை. 2012இல் ஆர்எக்ஸ்-8இன் உற்பத்தி நின்றது. மாசு விதிகளும் எரிபொருள் செலவும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்றாலும், அன்றாடத் தொல்லையும் வாங்குபவர்களை விரட்டியது.

இன்னொரு மறுப்பு நம் ஊர் வெயிலிலிருந்து வருகிறது. இது பனிநாட்டு நோய், பேராக்கின் வெக்கையில் குளிர்ந்த எஞ்சின் ஏது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் எஞ்சின் சரியாக வேலை செய்வது அதன் குளிர்விப்பு நீர் 80 டிகிரியைத் தாண்டியபோதுதான். காலை 25 டிகிரியில் நிற்கும் கார் அந்தக் கணக்குப்படி இன்னும் குளிர்ந்ததே. வெக்கை ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது. மேலும் நம் வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார்கள் நிற்பது சகஜம். பின்னால் நிற்கும் வண்டியை எடுக்க முன்வண்டியை நகர்த்தி அணைப்பது அன்றாட வேலை. ரோட்டரிக்கு அதைவிடக் கெடுதலான பழக்கம் வேறில்லை. பத்து காஜாவிலிருந்து ஈப்போவுக்குப் போய்வருவது போன்ற பயணத்தில் எஞ்சின் நன்றாகச் சூடேறி, உள்ளிருப்பதை எரித்துச் சுத்தமாகிவிடும். முச்சந்திக் கடைவரை போய் நிறுத்துவதுதான் அதைக் கெடுக்கும்.

கார் வாங்குகிறவர் எஞ்சின் ஓட்டுநராக வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம் என்று சொன்னால், சந்தையைப் பொறுத்தவரை அது சரி. பொறுப்பாளர் தேவைப்படும் இயந்திரத்தைப் பொறுப்பாளர் இல்லாத வாசல்களில் விற்றதுதான் மாஸ்டாவின் பிழை. 2023இல் அதே நிறுவனம் எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரியை மின்னாக்கியாக மட்டும் வைத்து, எப்போது கிளப்புவது, எப்போது அணைப்பது என்ற முடிவைக் கணினியிடம் ஒப்படைத்திருக்கிறது. சான்றிதழ் பெற்ற அந்தப் பழைய ஆளின் வேலையை இப்போது மென்பொருள் பார்க்கிறது. ஆனால் பழைய ஆர்எக்ஸ் கார்களைப் பேணுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: கிளப்பினால் சூடேறும்வரை ஓடவிடுங்கள், நகர்த்த மட்டும் வேண்டுமென்றால் கியரை நியூட்ரலில் வைத்துத் தள்ளுங்கள், பேட்டரியைத் திடமாக வைத்திருங்கள், முதல் முயற்சியில் எழவில்லையென்றால் இரண்டாம் முறை சாவியைத் திருப்புமுன் பெட்ரோலை நிறுத்துங்கள். வண்டியை விற்கும்போது சாவியோடு இந்த நான்கையும் சொல்லிக் கொடுங்கள்.