இடம் பெயர்ந்த கல்லறைகள்

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்றொரு பழைய நகரம் உண்டு. அங்குள்ள புரூட்டன் பரிஷ் தேவாலய வளாகத்தில் கஸ்டிஸ் குடும்பத்தாரின் கல்லறைக் கற்கள் சில காணப்படுகின்றன. அவை தொடக்கம் முதல் அங்கே இருந்தவை அல்ல. குவீன்ஸ் கிரீக் என்னும் புகையிலைப் பெருந்தோட்டத்தின் சிறிய இடுகாட்டில் நின்றிருந்து, பிற்காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டவை.

அக்கற்களுள் ஒன்று டேனியல் பார்க் கஸ்டிஸ் என்பவருடையது. 1711-இல் பிறந்த இவர், 17,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் ஏறக்குறைய 300 அடிமைகளும் உடையவர். 1757 ஜூலை மாதம், நாற்பத்தைந்தாம் வயதில், உயில் எழுதாமலே இறந்தார். இவருடைய மூத்த குழந்தைகள் இருவர் இவருக்கு முன்பே மாண்டனர்: மகன் 1754-இல், மகளோ தந்தைக்குச் சில திங்கள் முன்னர். இருபத்தாறு வயதில் கைம்பெண்ணான மார்த்தா, அடுத்த மாதமே இலண்டன் வணிகர்க்கு மடல் எழுதினார். உறுதியான சலவைக்கல்லில், ஏறத்தாழ 100 பவுன் விலையில், ஒரு கல்லறைக் கல் வேண்டும் என்று கேட்டு, பொறிக்க வேண்டிய சொற்களையும் குலச் சின்னத்தையும் உடன் அனுப்பினார். இந்த மார்த்தாவே 1759-இல் ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தவர்.

கல்லுக்காகக் கடல் கடந்து எழுதுவானேன் என்று கேட்கலாம். வர்ஜீனியாவின் கடற்கரைச் சமவெளி மணலும் களிமண்ணும் நிறைந்தது; செதுக்கத்தக்க கல் அங்கே அரிது. எனவே செல்வர்கள் புகையிலையை இங்கிலாந்துக்கு ஏற்றி விற்று, அப்பணத்தில் கல்லை வரவழைத்தனர். அப்புகையிலையை நட்டுப் பறித்து உலர்த்தி, மிடாக்களில் அடைத்துத் துறைக்கு உருட்டியவர்கள் அடிமைகள். ஆகவே கல்லின் விலையை உழைப்பால் ஈட்டிக் கொடுத்தவர்கள் அவர்களே என்பது என் கருத்து.

அவ்வுழைப்பாளிகளின் புதைகுழிகளுக்கு அடையாளம் என்ன? தென்மாநிலத் தோட்டங்களில் பெரும்பாலும் ஒரு மரக்கட்டை, செதுக்காத கல், சில கிளிஞ்சல்கள், அல்லது ஒரு செடி. மரம் உளுத்துவிடும், செடி காடாகிவிடும். ஓர் இடுகாட்டைப் பெயர்த்து வைக்க நேரும்போது, பெயர் பொறித்த கல்லை வண்டியிலேற்றலாம். அடையாளமற்ற குழியை யார் தேடுவார்?

கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்த அடிமைகள் பலர் மார்த்தாவின் பங்காக மவுண்ட் வெர்னான் சென்றனர். 1799-இல் வாஷிங்டன் இறந்தபோது அங்கிருந்த 317 அடிமைகளில் 153 பேர் இவ்வகையினர். 1831-இல் வாஷிங்டன் தம்பதியரின் உடல்கள் பழைய கல்லறையிலிருந்து புதியதற்கு முறைப்படி மாற்றப்பட்டன. அதனருகே அடிமைகள் புதைக்கப்பட்ட மேட்டிலோ, 1929-இல்தான் ஒரு சிறு நினைவுக்கல் வைக்கப்பட்டது. 1983-இல் மற்றொன்று எழுந்தது. 2014-இல் அகழாய்வாளர் மேல்மண்ணை மட்டும் மெல்ல நீக்கி, எலும்புகளைத் தொடாமல், மண்ணின் நிற வேறுபாட்டைக் கொண்டே குழிகளை அடையாளம் காணத் தொடங்கினர். 1799-ஆம் ஆண்டில் வாஷிங்டன் எழுதிய பட்டியலில் அம்மக்களின் பெயர்கள் இருக்கின்றன. எந்தப் பெயர் எந்தக் குழிக்கு உரியது என்று சொல்ல அங்கே கல் இல்லை.