பிரேக் ஒயில் எண்ணெய் இல்லை

எங்கட கராஜுகளில் பிரேக்குக்கு ஊத்துறதை எல்லாருமே 'பிரேக் ஒயில்' எண்டுதான் சொல்லுவம். இப்ப போத்தலில் வருவது எண்ணெயே இல்லை, பெரும்பாலும் கிளைக்கோல் சார்ந்த திரவம். அந்தப் பெயரின் வரலாற்றைக் கிளறினால், பழைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றின் பின் ட்ரம் ஏன் கொதிக்குது என்பதற்கும் பாதிப் பதில் கிடைக்கும்.

ட்ரம் பிரேக் என்றால் 1902இல் லூயி ரெனோ செய்ததைத்தான் சொல்வார்கள். சுழலும் ட்ரம்முக்குள் இரண்டு ஷூ விரிந்து உரசும். அவற்றை விரித்தது கம்பியும் கேபிளும். நாலு சில்லையும் ஒரே அளவில் பிடிக்க வைக்கிறது பெரும்பாடு. அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட் 1917இல் கேபிளுக்குப் பதிலாகத் திரவ அழுத்தத்துக்குக் காப்புரிமை பெற்றார். (விமான லொக்ஹீட்டா? ஓம், அதே குடும்பம்தான். தம்பி அலன் விமானத்தோடு நின்றார்.) தொடக்கத்தில் தோல் கப் போட்டார்கள், ஒழுகியது. 1924இல் வந்த கிறைஸ்லர் காருக்காக எஞ்சினியர்கள் றப்பர் கப்புக்கு மாறினார்கள். றப்பரோடு ஒத்துப்போனது ஆமணக்கெண்ணெயும் அல்கஹோலும் கலந்த திரவம். அந்த நாளில் 'ஒயில்' பொய்ப் பெயர் இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஆமணக்கெண்ணெயைத் தாங்கும் அந்த றப்பர் எஞ்சின் ஒயில் பட்டால் வீங்கிவிடும். பெயரை நம்பி யாரோ ஒருநாள் எஞ்சின் ஒயிலை ஊத்தியிருந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் வீங்கி, திரவம் திரும்பிப் போகும் சின்ன ஓட்டையை அடைச்சிடும். காலை எடுத்த பிறகும் பிரேக் பிடிச்சபடியே நிற்கும்.

மைனர் பிக்கப் 1953இல் வந்தது. நாலு சில்லிலும் ட்ரம், லொக்ஹீட் முறை. அதன் அமைப்பே நோயைக் காட்டிக்கொடுக்கும். நாலும் சுட்டால் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். பின்னுக்கு இரண்டும் மட்டும் சுட்டால் சந்தேகம் வேற இடத்தில். பின் அச்சுக்குப் போவது ஒரேயொரு றப்பர் குழாய்தான். அது வெளியில் நல்லாத்தான் தெரியும், உள்ளுக்குள் வீங்கி அடைச்சிருக்கும். கால் பலத்தில் திரவம் உள்ளே போகும், திரும்பி வராது. ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தச் சில்லின் சிலிண்டர், ஸ்பிரிங், இல்லாட்டி ஹாண்ட்பிரேக் கேபிள்.

குழாயா கேபிளா என்று பிரிக்க ஒரு சோதனை போதும். ட்ரம் ஆறட்டும், கை வைக்க வேண்டாம். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி ஸ்டாண்டில் இருத்தி, ஹாண்ட்பிரேக்கை விடுங்கள். பிரேக்கை ஒருக்கா மிதித்து விட்டு, இறுகின சில்லின் பிளீட் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். திரவம் பீறிச் சில்லு சுத்தினால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது. பீறாமல், சில்லும் இறுக்கமாகவே இருந்தால் கேபிள், துருப்பிடித்த ஸ்பிரிங், அளவுக்கு மிஞ்சி நெருக்கின ஷூ. 1902இன் பிரச்சினைகள் இன்னும் அதே ட்ரம்முக்குள்தான் இருக்கின்றன!

ட்ரம்மைக் கழற்றினால் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

2020இல் வாகன இறக்குமதி நின்றபோது இந்தப் பழசுகளைத்தான் பலர் திரும்பவும் றோட்டுக்கு இறக்கினார்கள். அப்படி வாங்கின வண்டியில் முன்னர் யார் எதை ஊத்தினார்கள் என்று தெரியாவிட்டால், கப் வீங்கியிருக்கா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் லைனை ஸ்பிரிட்டால் கழுவி, குழாயும் கப்புமாக எல்லா றப்பரையும் ஒரேயடியாக மாத்த வேண்டும். ஒன்றை மட்டும் மாத்தினால் மிச்சத்தில் ஊறிய எண்ணெய் புதுசையும் வீங்க வைக்கும்.