தேசியவாதம் பற்றிய குறிப்புகள்

ஜார்ஜ் ஆர்வெல் (1903–1950) எழுதிய ஆங்கிலக் கட்டுரை. 1945 அக்டோபரில், இரண்டாம் உலகப்போர் முடிந்த சில வாரங்களில், 'பொலமிக்' இதழில் வெளிவந்தது.

பிறந்த மண்ணின் மீதுள்ள பற்றையும் தேசியவாதத்தையும் ஆர்வெல் வேறுபடுத்துகிறார். முன்னது தன் வாழ்க்கைமுறையை நேசிப்பதோடு நிற்கும். பிறர்மேல் அதைத் திணிக்காது. பின்னது அதிகாரத்தையும் கௌரவத்தையும் நாடுவது. அது நாட்டின்மேல் மட்டும் தோன்றுவதில்லை: கட்சி, மதம், வர்க்கம், இனம், ஏன், சமாதானவாதம்கூட அதற்கு இலக்காகலாம். சொல்லை இப்படி விரித்தது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் கட்டுரையின் வலிமையே இந்த விரிவில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தரப்பாலும் தாங்க முடியாத உண்மை ஒன்று உண்டு என்று அவர் காட்டுகிறார். போருக்குப் பின் பிரிட்டனின் வலிமை குன்றும் என்பதை ஆங்கிலப் பழமைவாதியால் ஏற்க இயலாது. பிரிட்டன், அமெரிக்காவின் உதவியின்றி ரஷ்யா தோற்றிருக்கும் என்பதைக் கம்யூனிஸ்டால் ஏற்க இயலாது.

இந்தப் பற்றுகளை வேரோடு களைய முடியுமா என்பதில் ஆர்வெலுக்கே உறுதியில்லை. தன் விருப்பு வெறுப்புகள் எவை என்று கண்டறிந்து, அவை தன் சிந்தனையைக் கெடுக்காமல் தடுப்பதை ஓர் அறமுயற்சியாக அவர் முன்வைக்கிறார். பர்மாவில் ஏகாதிபத்தியக் காவல்துறையில் பணியாற்றி, அதை வெறுத்து 1927இல் விலகியவர். 1937இல் ஸ்பெயின் போர்முனையில் தொண்டையில் குண்டு பாய்ந்தவர். இந்தச் சுயசோதனையைத் தம்மீதே நடத்திப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது.