பின்னற்கிளை மரத்திரை

பின்னற்கிளை மரத்திரை என்பது, வரிசையாக நட்ட மரங்களின் அடிமரத்தை ஏறத்தாழ 2 மீட்டர் உயரம்வரை கிளையின்றி விட்டு, அதற்குமேல் பக்கக் கிளைகளைக் கிடைமட்டக் கம்பிகளில் கட்டித் தட்டையான பசுஞ்சுவராக வளர்க்கும் ஐரோப்பியத் தோட்டக்கலை முறை. இளங்கிளைகள் எளிதில் வளைவதாலும் கடும் கவாத்தைத் தாங்குவதாலும் லைம் (லிண்டன்), ஹார்ன்பீம் மரங்கள் இதற்கு ஏற்றவை. முன்னும் பின்னும் நீளும் தளிர்களை நறுக்கி, பக்கவாட்டில் செல்வனவற்றை மட்டும் கட்டுவர். உராயும் கிளைகள் காலப்போக்கில் ஒட்டி வளர்வதும் உண்டு. இங்கிலாந்தின் ஹிட்கோட் தோட்டத்தில் லாரன்ஸ் ஜான்ஸ்டன் அமைத்த ஹார்ன்பீம் வரிசைகள் பெயர்பெற்றவை.

சிறு தோட்டத்தின் மறைவுக்கு மதிலைவிட இம்முறையே பொருத்தமானது. அண்டை வீட்டு மாடிச் சன்னலின் பார்வை மதிலுக்கு மேலாகவே வருகிறது. இங்கிலாந்தில் மதிலை 2 மீட்டருக்கு மேல் எழுப்பத் திட்ட அனுமதியும் வேண்டும். மரத்திரையோ அந்த உயரத்தில்தான் தொடங்குகிறது. கீழே செடிகளுக்கு இடம் மிஞ்சுகிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் மறைவு போய்விடுமே என்பர். ஆனால் தோட்டத்தில் அமர்வது பெரும்பாலும் கோடையில்தான். குளிரில் வெற்றுக்கிளைகள் அரிய வெயிலை உள்ளே விடுகின்றன. என்றும் பசுமையான லேலாண்டி வேலிகளின் நிழலால் மூண்ட பூசல்களே இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சமூகவிரோத நடத்தைச் சட்டத்தில் உயர்வேலிப் பிரிவு இடம்பெறக் காரணம். இலையுதிர் மரவரிசைகள் அதற்குள் வருவதில்லை. ஆண்டுதோறும் கவாத்து செய்வது சுமை என்பது உண்மை. எனினும் 20 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய லைம் மரத்தைச் சிறு மனைக்குள் அடக்கி வைப்பது அந்தக் கவாத்துதான்.